பல்செட் போட்ட வாயில் புண்: எது பழகும், எதைப் பொறுக்கக் கூடாது

பற்களை எல்லாம் எடுத்துவிட்டு முதன்முறையாகப் பல்செட் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருபவரிடம் உற்றார் உறவினர் அனைவரும் சொல்லும் ஒரே ஆறுதல், ‘போகப் போகப் பழகிவிடும்’ என்பதுதான். அது பாதி உண்மை. வாய்க்குள் எதையோ அடைத்து வைத்திருப்பது போன்ற உணர்வு, உமிழ்நீர் மிகுதியாக ஊறுவது, சகர ஒலிகள் குழறுவது, இலேசான குமட்டல், கீழ்ப் பல்செட் நாக்கோடு சேர்ந்து மிதப்பது ஆகியவை சில வாரங்களில் உண்மையாகவே பழகிவிடும். புண் அப்படிப் பழகுவதில்லை. புதுச் செருப்புக் கடித்தால் பாதத்தின் தோல் காய்த்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. எப்போதும் ஈரமாக இருக்கும் வாயின் மெல்லிய உள்தோலுக்கு அந்த வலிமை இல்லை. பல்செட் அதே இடத்தில் அழுத்திக்கொண்டிருக்கும் வரை புண்ணும் அங்கேயே இருக்கும். எனவே முதலில் சரிசெய்யப்பட வேண்டியது பல்செட். வாய்க்கு இடும் மருந்து அதற்குத் துணை மட்டுமே.

என் தாயாருக்கு 68 வயதில் மேலும் கீழும் முழுப் பல்செட் வைத்தபோது இந்த வேறுபாடு எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் நாளே வலி கண்டது. பழகிவிடும் என்று நாங்கள் சொல்ல, அவரும் அதை நம்பி மூன்று வாரம் கஞ்சியும் மோர்ச் சாதமுமாகக் காலம் தள்ளினார். கடைசியில் பல் மருத்துவர் பல்செட்டின் ஓரத்தைச் சில நிமிடம் தேய்த்துக் கொடுத்த பிறகு ஒரு வாரத்திற்குள் புண் ஆறிவிட்டது. அந்த மூன்று வாரத் துன்பம் முற்றிலும் தேவையற்றது. புதிதாகப் பல்செட் வைத்துக்கொள்பவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் அந்தத் துன்பத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

புண் ஏன் வருகிறது

இயற்கையான பல் எலும்புக்குள் வேர் ஊன்றி நிற்கிறது. வேருக்கும் எலும்புக்கும் இடையே உள்ள மெல்லிய நார்கள், மெல்லும்போது ஏற்படும் அழுத்தத்தை வாங்கி எலும்புக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஒரு தாடையில் உள்ள எல்லாப் பற்களின் நார்ப் பரப்பையும் கூட்டினால் ஏறத்தாழ 45 சதுர சென்டிமீட்டர் வரும். பற்களை எடுத்த பிறகு பல்செட் உட்காரக் கிடைக்கும் பரப்போ மேல் தாடையில் ஏறத்தாழ 23, கீழ்த் தாடையில் வெறும் 12 சதுர சென்டிமீட்டர்தான். அந்தச் சிறிய பரப்பிலும் அழுத்தத்தைத் தாங்குவது நார் அன்று. கெட்டியான அக்ரிலிக் பிளாஸ்டிக்குக்கும் எலும்புக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட உள்தோல். மேல் பல்செட்டைவிடக் கீழ்ப் பல்செட் அதிகமாகத் தொல்லை தருவதற்கும் இதுவே முதற்காரணம். மேல் பல்செட்டுக்கு அண்ணம் முழுவதும் தாங்கலாக அமைகிறது, கீழே நாக்குக்கு இடம்விட வேண்டியிருப்பதால் லாட வடிவில் குறுகிய ஈற்று மேடு மட்டுமே மிஞ்சுகிறது.

இதோடு இன்னொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். மருத்துவர் அளவு எடுக்கும்போது நீங்கள் நாற்காலியில் சாய்ந்திருந்தீர்கள். அவர் சொன்னபடி கன்னத்தையும் நாக்கையும் சிறிது அசைத்தீர்கள். வீட்டிலோ பேசுகிறீர்கள், விழுங்குகிறீர்கள், கொட்டாவி விடுகிறீர்கள், அப்பளத்தைக் கடிக்கிறீர்கள். அந்த அசைவுகள் அனைத்தையும் ஓர் அச்சில் பிடித்துவிட முடியாது. மேலும், அக்ரிலிக் இறுகும்போது சிறிதளவு சுருங்கும் தன்மை உடையது. ஆகவே புதிய பல்செட்டில் ஓரிரு இடங்கள் குத்துவதை வைத்து, செய்தவர் சரியில்லை என்று உடனே முடிவுகட்டிவிட வேண்டாம். பல்செட் வைத்த மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று வரச் சொல்வது வழக்கம். அந்த வருகைகளையும் சேர்த்துத்தான் சிகிச்சை முழுமை பெறுகிறது. பல்செட்டுக்குப் பணம் கட்டும்போதே, பின்னால் தேய்த்துச் சரிசெய்வதற்கான வருகைகளும் அந்தக் கட்டணத்தில் அடங்குமா என்று கேட்டுவிடுவது நல்லது. கேட்கத் தயங்கி, ஒவ்வொரு முறையும் செலவாகுமோ என்று அஞ்சி, வலியோடு வீட்டிலேயே இருந்துவிடும் முதியவர்கள் பலர்.

வலி தெரிந்த அன்றே செய்ய வேண்டியவை

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு பல்செட்டைக் கழற்றுங்கள். வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கைபேசியின் டார்ச் ஒளியில் வாய்க்குள் பாருங்கள். உதட்டையும் கன்னத்தையும் விரலால் வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்தால் ஈற்று மேட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் உள்ள பள்ளம் தெரியும். நாக்கை மேலே தூக்கினால் கீழ்த் தாடையின் உட்பக்கம் தெரியும். தொடக்கத்தில் அந்த இடம் சிவந்து மட்டும் இருக்கும். ஓரிரு நாளில் வெண்மையோ மஞ்சளோ படர்ந்த சிறு பள்ளமாகி, சுற்றிலும் சிவப்பு வளையம் கட்டியிருக்கும். எந்தத் தாடை, வலமா இடமா, மேட்டின் உச்சியா ஓரமா என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அரை நிமிடம் வாயில் வைத்திருந்து துப்புங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, குறிப்பாகச் சாப்பிட்ட பின், இதைச் செய்யலாம். இது புண்ணைச் சுத்தமாக வைத்து வேதனையைக் குறைக்கும். நீர் சூடாக இருக்கக் கூடாது. இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்து உண்பவர்கள் விழுங்கிவிடாமல் துப்ப வேண்டும், அவ்வளவே.

பிறகு மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து நேரம் வாங்குங்கள். அதுவரை, வலி மிகுந்தால், பல்செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டு வைத்துவிட்டு வாய்க்கு ஓய்வு கொடுங்கள். இரவில் எப்படியும் கழற்றிவிட வேண்டும்.

இப்போது பலரும் தவறிவிடும் கட்டம் ஒன்று வருகிறது. வலிக்கிறது என்று பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, நான்கைந்து நாள் கழித்து, அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகிறார்கள். அதற்குள் புண் ஆறிப்போயிருக்கும். எங்கே குத்தியது என்பதற்கு வாயில் அடையாளமே இராது. மருத்துவர் எந்த இடத்தைத் தேய்ப்பார்? ஊகத்தில் தேய்த்தால் தேய்க்கக் கூடாத இடம் தேய்ந்து பல்செட் தளர்ந்துவிடும். எனவே மருத்துவரைப் பார்க்கும் நாளில் காலையிலிருந்தே பல்செட்டை மாட்டியிருங்கள். அவ்வளவு நேரம் தாங்க முடியாவிட்டாலும் போவதற்கு முன் இரண்டு மூன்று மணி நேரமாவது மாட்டியிருந்து, முடிந்தால் அதோடு ஏதேனும் சாப்பிட்டுவிட்டு, வாயில் வைத்தபடியே போங்கள். சிவந்த அடையாளம் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். மருத்துவர் அந்த இடத்தில் அழியாத மைப் பென்சிலால் புள்ளி வைத்து அதைப் பல்செட்டின் உட்புறம் பதியச் செய்வார். அல்லது பல்செட்டின் உட்புறத்தில் வெண்ணிறப் பசையைப் பூசி வாயில் அழுத்திப் பார்ப்பார். பசை விலகி அக்ரிலிக் எட்டிப்பார்க்கும் இடம்தான் மிகையாக அழுத்தும் இடம். அதை மட்டும் தேய்த்து வழவழப்பாக்கித் தருவதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

புண் இருக்கும் இடமும் வலி வரும் நேரமும்

மருத்துவரிடம் ‘வலிக்கிறது’ என்று மட்டும் சொல்வதைவிட, எப்போது வலிக்கிறது என்று சொல்வது பத்து மடங்கு பயன்படும்.

மாட்டும்போதும் கழற்றும்போதும் மட்டும் உரசி வலித்து, மாட்டிய பின் வலி இல்லையென்றால், ஈற்று மேட்டில் துருத்திக்கொண்டிருக்கும் பகுதி ஒன்றைப் பல்செட் ஒவ்வொரு முறையும் உரசிக்கொண்டு கடக்கிறது என்று பொருள். மாட்டிய உடனே, கடிக்காமல் சும்மா இருக்கும்போதே ஓர் இடத்தில் சுருக்கென்று குத்தினால், பல்செட்டின் ஓரம் நீளமாக இருக்கலாம், அல்லது உட்புறத்தில் கடுகளவு அக்ரிலிக் முண்டு இருக்கலாம். அந்த முண்டு கண்ணுக்குத் தெரியாது. பல்செட்டைக் கழுவிய பின் உட்புறத்தை விரல் நுனியாலும், பஞ்சைக் கொண்டும் தடவிப் பார்த்தால் பஞ்சின் இழை அதில் மாட்டிக்கொள்ளும். சாப்பிடும்போது மட்டும் வலித்தாலோ, காலையில் இல்லாத வலி மாலைக்குள் ஏறிக்கொண்டே போனாலோ, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சந்திக்கும் கடியில் பிழை இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தக் கடைசி வகையைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கடி ஒரு பக்கம் முந்திப் பட்டால், பல்செட் சாய்ந்து, வேறோர் இடத்தில் மேட்டின் உச்சியை நசுக்கும். புண் தெரியும் இடத்தில் பல்செட்டின் உட்புறத்தைத் தேய்த்தால் இரண்டு நாள் சுகமாக இருக்கும். பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொரு புண் வரும். அதையும் தேய்த்தால் பல்செட் மேலும் ஆடத் தொடங்கும். உட்புறத்தை இரண்டு முறை தேய்த்த பிறகும் அதே பக்கத்தில் மீண்டும் மீண்டும் புண் வந்தால், ‘கடியையும் பார்த்துவிடுங்கள், டாக்டர்’ என்று பணிவோடு கேளுங்கள். நிறத்தாள் ஒன்றைப் பற்களுக்கு நடுவே வைத்துக் கடிக்கச் சொல்லி, எங்கே மிகையாகச் சாயம் படிகிறது என்று பார்த்து, பல்லின் மேற்பரப்பைத் தேய்த்துச் சமன்செய்வார். நோயாளி இப்படிக் கேட்பதில் தவறே இல்லை.

இடத்தைப் பொறுத்தவரை, கன்னத்துக்கும் மேட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் கோடு போலப் புண் வந்தால் பல்செட்டின் ஓரம் நீண்டிருக்கிறது. உதட்டை ஈறோடு இணைக்கும் நடு மடிப்பில் அறுத்தது போல் வந்தால், அந்த மடிப்பு அசைவதற்காகப் பல்செட்டின் ஓரத்தில் விடப்பட்ட வெட்டு போதவில்லை. எச்சில் விழுங்கும்போது தொண்டையோரம் வலிப்பதாகச் சொல்பவர்கள் தொண்டை வலி என்று நினைத்து மாத்திரை வாங்கி விழுங்குவதுண்டு. பெரும்பாலும் கீழ்ப் பல்செட்டின் உட்பக்கப் பின் ஓரமோ மேல் பல்செட்டின் பின் விளிம்போ நீண்டு குத்துவதே காரணம். கன்னமும் உதடும் பற்களுக்கிடையே கடிபட்டுப் புண்ணானால் பற்கள் அடுக்கப்பட்ட விதத்தைப் பார்க்க வேண்டும். தாடை முழுவதும் அலுத்து வலிக்கிறது, பேசும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தட்டி ஓசை எழுகிறது என்றால் பல்செட்டின் உயரமே கூடுதலாக இருக்கலாம். தேய்ப்பதால் மட்டும் இது தீராது.

ஒன்றிரண்டு பற்களுக்காகக் கம்பியோடு செய்த பகுதிப் பல்செட்டில், கம்பியின் முனை கன்னத்தைக் கீறுவதுண்டு. வீட்டிலுள்ள குறடால் வளைக்க முயன்றால் கம்பி ஒடிந்துவிடும். மருத்துவரிடமே விடுங்கள்.

வீட்டில் செய்யக் கூடாதவை

நகம் தேய்க்கும் அரத்தையோ உப்புத்தாளையோ கத்தியையோ கொண்டு பல்செட்டை நீங்களே சுரண்டாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் தவறிப்போனாலும் அதைத் திரும்ப ஒட்ட இயலாது. சொரசொரப்பான பரப்பு புதிய புண்ணை உண்டாக்கும். உடைந்த பல்செட்டைக் கடையில் விற்கும் உடனொட்டும் பசையால் ஒட்டி வாயில் வைக்கக் கூடாது. வெந்நீரில் போட்டால் அக்ரிலிக் உருத்திரிந்து, நன்றாகப் பொருந்திய பல்செட்டும் பொருந்தாமல் போகும்.

வலி தாங்காமல் ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்துப் புண்மேல் வைப்பதும், கிராம்புத் தைலத்தை நேரடியாகத் தடவுவதும் உள்தோலைச் சுட்டு வெண்மையாக வெந்துபோகச் செய்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் மரக்கச்செய்யும் ஜெல், மருத்துவரைப் பார்க்கும்வரை ஒரு நாள் இரவைக் கடத்த உதவலாம். ஆனால் அதைத் தடவிக்கொண்டு உடனே பல்செட்டை மாட்டிச் சாப்பிடக் கூடாது. வலி என்பது அங்கே நசுங்குகிறது என்று வாய் சொல்லும் செய்தி. அதை மரக்கச்செய்துவிட்டு மெல்லும்போது புண் ஆழமாகும், மரத்த வாயில் சூடான காபி சுடுவதும் தெரியாது. சாலிசிலேட் கலந்த ஜெல்லாக இருந்தால் தடவிய பின் குறைந்தது அரை மணி நேரம் கழித்தே பல்செட்டை மாட்ட வேண்டும்.

பல்செட் ஒட்டும் கிரீம் பற்றியும் ஒரு சொல். நன்றாகப் பொருந்தும் பல்செட்டுக்குக் கூடுதல் பிடிப்புக்காகச் சிறிதளவு பயன்படுத்தலாம். ஆடுகிற பல்செட்டைப் பிடித்து நிறுத்துவதற்காக நாள்தோறும் குழாய் குழாயாக அப்புவது நோயை மறைப்பதாகும். துத்தநாகம் கலந்த கிரீமை நெடுங்காலம் மிகையாகப் பயன்படுத்தியவர்களுக்கு உடலில் தாமிரம் குறைந்து நரம்புப் பாதிப்பு வந்திருக்கிறது; வாங்கும்போது துத்தநாகம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். திறந்த புண்மேல் எந்தக் கிரீமையும் பூச வேண்டாம்.

மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுக் குழைய வேகவைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் வாய்ப்புண்ணுக்கு வழிவழியாகச் செய்வது. மென்மையான, காரமில்லாத, எளிதில் விழுங்கக்கூடிய உணவு என்ற அளவில் நானும் அதை மனதார ஏற்கிறேன். ஆனால் குத்தும் பல்செட்டை அப்படியே வைத்துக்கொண்டு கீரையை மட்டும் நம்பியிருப்பது பயனளிக்காது.

முதல் சில வாரங்களின் உணவு

முதல் சில நாட்கள் குழைந்த சாதம், பொங்கல், பாலில் ஊறிய இடியாப்பம், இட்லி, மசித்த காய், பழுத்த வாழைப்பழம் என்று தொடங்குங்கள். எதையும் முன் பற்களால் கடித்து இழுக்காதீர்கள். முன்னால் கடித்தால் பல்செட் பின்னால் தூக்கிக்கொண்டு மேட்டை உரசும். கத்தியால் சிறு துண்டுகளாக்கி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சிறிது சிறிதாக வைத்து மெல்லுங்கள். வலி இல்லாத ஒரு பக்கமாகவே மென்றால் பல்செட் சாய்ந்து, நல்ல பக்கத்திலும் புண் வந்துவிடும். மேல் பல்செட் அண்ணத்தை மூடிவிடுவதால் சூடு தெரிவது குறையும். காபியையும் ரசத்தையும் ஆற்றிக் குடியுங்கள். கொய்யா விதை, எள், தக்காளி விதை போன்றவை பல்செட்டுக்கு அடியில் நுழைந்தால் மணல் போல உறுத்தும். சாப்பிட்ட உடனே கழற்றிக் கழுவுவதே இதற்கு வழி. முறுக்கையும் சீடையையும் மறந்துவிடச் சொல்லவில்லை. சில வாரம் தள்ளிவையுங்கள். முழுப் பல்செட்டின் கடிவலிமை இயற்கைப் பற்களுடையதில் ஏறத்தாழ நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்குதான் என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

வலிக்காத சிவப்பு

புண் என்று சொல்ல முடியாத, ஆனால் புண்ணைப் போலவே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மேல் பல்செட்டைக் கழற்றிப் பார்த்தால், பல்செட் மூடியிருந்த வடிவத்துக்கு அப்படியே அண்ணம் செக்கச்செவேல் என்றிருக்கும். பெரும்பாலும் வலி இராது. அதனால்தான் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமல் போகிறது. இரவும் பகலும் பல்செட்டைக் கழற்றாமல் இருப்பதாலும், சரியாகச் சுத்தம் செய்யாததாலும், கேண்டிடா என்னும் பூஞ்சை அக்ரிலிக்கின் நுண்துளைகளில் குடியேறுவதே இதற்குப் பொதுவான காரணம். நீரிழிவு உள்ளவர்களுக்கும், வாய் உலர்ந்திருப்பவர்களுக்கும், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்களுக்கும் இது எளிதில் வரும். இன்ஹேலர் இழுத்த பின் வாயைக் கொப்பளித்துத் துப்புவது இதைக் குறைக்கும். கூடவே வாயின் இரு ஓரங்களும் வெடித்துப் புண்ணாகலாம்; பல்செட் தேய்ந்து உயரம் குறைந்ததால் உதட்டோரம் மடிந்து உமிழ்நீர் தேங்குவது, பூஞ்சை, இரும்புச்சத்து அல்லது பி வைட்டமின் குறைவு என்று பல காரணங்கள் அங்கே ஒன்று சேர்கின்றன.

மருத்துவர் க்ளோட்ரிமசோல், நிஸ்டாட்டின் போன்ற பூஞ்சை மருந்தைத் தந்தால், அண்ணத்தில் தடவுவதோடு, அவர் சொல்லும் முறையில் பல்செட்டின் உட்புறத்தையும் கவனிக்க வேண்டும். வாயை மட்டும் குணப்படுத்திவிட்டு, பூஞ்சை படிந்த பல்செட்டை மாட்டினால் சில நாட்களில் பழைய நிலையே திரும்பும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் உட்கொள்பவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மைக்கோனசோல் ஜெல்லும் ஃப்ளூகோனசோல் மாத்திரையும் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். வாயில் தடவும் ஜெல்தானே என்று கடையில் தாமாக வாங்கிப் பூசிக்கொள்வது இவர்களுக்கு ஆபத்து.

சுத்தம் செய்யும் முறை எளிது. கழுவும் தொட்டியில் பாதி தண்ணீர் நிரப்பியோ, ஒரு துண்டை விரித்தோ வைத்துக்கொள்ளுங்கள். கைதவறி விழுந்தாலும் பல்செட் உடையாது. மென்மையான பிரஷ்ஷும் சாதாரணச் சோப்பும் கொண்டு உட்புறம் வெளிப்புறம் இரண்டையும் தேயுங்கள். பற்பசையும் பல்பொடியும் சாம்பலும் அக்ரிலிக்கில் நுண்ணிய கீறல்களை உண்டாக்கும். அந்தக் கீறல்களில்தான் அழுக்கும் பூஞ்சையும் தங்கும். ஈற்று மேட்டையும் நாக்கையும் அண்ணத்தையும் ஈரத் துணியாலோ மென்மையான பிரஷ்ஷாலோ நாள்தோறும் துடைத்துவிடுங்கள். நுரைத்துக் கரையும் மாத்திரை வாங்கினால் பல்செட்டை அதில் ஊறவைத்து, மாட்டுவதற்கு முன் நன்றாகக் கழுவ வேண்டும். மாத்திரையையோ அந்த நீரையோ வாயில் விட்டுவிடக் கூடாது. உறக்கக் கலக்கத்தில் முதியவர் அந்த நீரைக் குடித்துவிடாதபடி, கிண்ணத்தைக் குடிநீர் டம்ளர் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

இரவில் கழற்றி, சாதாரணத் தண்ணீரில் மூழ்கும்படி வையுங்கள். உலரவிட்டால் வடிவம் மாறும். பல் இல்லாத முகத்தை வீட்டார் பார்க்கக் கூடாது என்ற கூச்சத்தில் கழற்றாமலேயே தூங்குபவர்களின் மனம் எனக்குப் புரிகிறது, என் தாயாரும் அப்படித்தான் இருந்தார். ஆனால் 2015-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில், 85 வயதைக் கடந்தவர்களில் பல்செட்டோடு உறங்கியோருக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏனையோரைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. இதைச் சொன்ன பிறகுதான் அவர் கழற்றச் சம்மதித்தார். பற்களை எடுத்த அன்றே பல்செட் வைத்தவர்களுக்கு மட்டும் முதல் நாள் கழற்ற வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருப்பார். அவர்கள் அந்தச் சொல்லையே பின்பற்ற வேண்டும்.

இரண்டு வாரக் கணக்கு

பல்செட்டைத் தேய்த்துச் சரிசெய்த பின்போ, அல்லது கழற்றி வைத்துவிட்டாலோ, அதனால் வந்த புண் 10 முதல் 14 நாட்களுக்குள் ஆறிவிட வேண்டும். ஆறவில்லை என்றால் அது பல்செட்டால் வந்த புண்தானா என்ற கேள்வி எழுகிறது. உடனே மருத்துவரிடம் காட்டி, தேவைப்பட்டால் சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்க வேண்டும். வெற்றிலையோடு புகையிலையும் பாக்கும் மென்றவர்கள், புகைபிடிப்பவர்கள், மது அருந்துபவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. ‘வலி இல்லையே’ என்பது ஆறுதலுக்குரிய காரணம் அன்று. புண்ணின் ஓரம் தடித்துக் கெட்டியாக இருப்பது, தானே இரத்தம் கசிவது, கழுத்தில் கட்டி தென்படுவது, நாக்கோ உதடோ மரத்துப்போவது, வாயைத் திறப்பது குறைவது ஆகியவற்றில் எது இருந்தாலும் இரண்டு வாரம் வரை காத்திருக்கவே வேண்டாம்.

வேறு சிலரும் சிறு புண்ணையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கோ, எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கோ அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கும், முகம் கழுத்துப் பகுதியில் கதிரியக்கச் சிகிச்சை பெற்றவர்களுக்கும், பல்செட்டின் அழுத்தம் தாடை எலும்பையே வெளித்தெரியச் செய்துவிடக்கூடும். அவர்கள் வலி கண்ட உடனே பல்செட்டைக் கழற்றிவிட்டு அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்களுக்குப் புண் மெல்லத்தான் ஆறும். சர்க்கரை அளவையும் பார்த்துவிடுவது நல்லது.

பணம் தடையாக இருக்குமானால், அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் காட்டலாம். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்தை அடுத்துள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953 முதல் இயங்கி வருகிறது. பழைய பல்செட், மருந்துச் சீட்டுகள், நீங்கள் குறித்து வைத்த தாள் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

நன்றாக இருந்த பல்செட் திடீரென்று குத்தினால்

சில ஆண்டுகள் தொல்லை தராத பல்செட் திடீரென்று புண்ணாக்கத் தொடங்கினால், மாறியது பெரும்பாலும் பல்செட் அன்று, தாடை. பல்லை எடுத்த பின் எலும்பு கரைந்துகொண்டே இருக்கும். முதல் ஓராண்டில் விரைவாகவும், பிறகு மெதுவாகவும். கீழ்த் தாடையின் முன்பகுதி மேல் தாடையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு கரைவதாக நீண்ட கால ஆய்வுகள் காட்டியுள்ளன. உடல் எடை வெகுவாகக் குறைந்தாலும் பொருத்தம் மாறும். இந்நிலையில் பல்செட்டின் உட்புறத்தில் புதிய அக்ரிலிக் அடுக்குச் சேர்த்து மறுபடி பொருந்தச் செய்யலாம். பற்கள் தேய்ந்திருந்தால் புதிதாகவே செய்ய வேண்டும். பொதுவாக ஒரு பல்செட்டின் நல்ல ஆயுள் ஐந்து முதல் பத்து ஆண்டுகள். இருபது ஆண்டுப் பல்செட்டை விடாமல் மாட்டிக்கொண்டிருப்பவர்களின் வாயில், ஈற்று மேட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில், பல்செட்டின் விளிம்பு இடித்து இடித்து, மடிப்பு மடிப்பாகச் சதை வளர்ந்திருப்பதைக் காணலாம். அதை வெட்டி எடுத்த பின்பே புதிய பல்செட்டுக்கு அளவு எடுக்க முடியும் என்ற நிலைகூட வருவதுண்டு.

வலியைச் சொல்லாதவர்களின் வாயைப் பார்த்தல்

நினைவாற்றல் குன்றியவர்களும் பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களும் வாயில் புண் என்று சொல்ல மாட்டார்கள். சாப்பாட்டைத் தள்ளிவிடுவார்கள், ஒரு பக்கமாக மெல்லுவார்கள், விரலை வாய்க்குள் விட்டுக்கொண்டே இருப்பார்கள், பல்செட்டைக் கழற்றி எங்காவது ஒளித்து வைப்பார்கள். இவற்றை முரண்டு என்று எண்ணிக் கடிந்துகொள்ளும் முன், வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அவர்களை ஜன்னலோரம் உட்காரவைத்து, பல்செட்டைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் வாயைப் பாருங்கள். அண்ணம், இரு மேடுகள், கன்னத்தின் உட்புறம், நாக்கின் இரு ஓரங்கள், நாக்குக்கு அடியில் என்று அதே வரிசையில் ஒவ்வொரு முறையும் பார்த்தால் எதுவும் விடுபடாது. சிவப்பாக எதையேனும் கண்டால் கைபேசியில் ஒரு படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் பார்க்கும்போது அது சுருங்கியிருக்கிறதா, பெருகியிருக்கிறதா என்பதை அந்தப் படத்தோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம்; மருத்துவரிடமும் அதையே காட்டலாம்.